புறவாசலில் முளைத்த வால்

எங்கள் பவுனைப் புறவாசலில், முருங்கை மரத்துக்கும் துவைகல்லுக்கும் நடுவில் புதைத்த அன்றைக்கு, சொல்லக் கூடாத ஒரு வார்த்தையை நான் சொல்லிவிட்டதாகவும், அதனால்தான் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது என்றும் தண்ணித்தொட்டித் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். இந்தத் தெரு என்னைப் பற்றிச் சொன்னதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை, அவற்றோடு இதுவும் சேர்ந்து கிடக்கட்டும்.

பவுனு என்பது நாய். செங்கல் நிற உடம்பு, இடது பக்கம் வளைந்த வால், வாலின் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தது போல வெள்ளை. பெயர் என் தம்பியின் பெயர். பவுன்ராஜ் என்று எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், சுரண்டையில் வீடு கட்டியிருக்கிறான், அந்த வீட்டுப் பால்காய்ப்புக்கு நானும் என் மனைவி பேச்சியும் புதுச் சட்டையும் புதுச் சேலையுமாக, ஒரு குத்துவிளக்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். அங்கே பந்தி மேல் பந்தி நடந்தது. பெண்டாட்டி வீட்டு ஆட்களை, கூட வேலை பார்த்தவர்களை, கொத்தனாரை, கொத்தனாரின் மச்சானை, பந்தல் போட வந்தவர்களைக்கூட, "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தான் என் தம்பி. கூடப்பிறந்த அண்ணன் நான் வாசல் தூணை ஒட்டி நின்றேன். என்னைப் பார்த்து அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. கடைசிப் பந்தியும் எழுந்து, இலை எடுத்து, தரையைக் கழுவியும் விட்டார்கள். நான் பேச்சியைக் கண்ணால் கூப்பிட்டேன், வெறும் வயிற்றோடு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தெருமுனையில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டேன். பேச்சி முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டாள் என்பது பஸ்ஸில் அவள் வாயில் வெற்றிலை மணந்தபோதுதான் தெரிந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஒரு குட்டி நாய் என் வேட்டி நுனியை மோந்துகொண்டே பின்னால் வந்தது. வீட்டு வாசல்வரை வந்த பிறகு அதைத் துரத்த மனமில்லை. பெயர் என்ன வைக்கலாம் என்று பேச்சி கேட்டாள்.

"பவுனு" என்றேன்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அது உங்க தம்பி பேரு."

"அதுக்குத்தான் வைக்கேன்."

சுரண்டைக்குப் போகிற வண்டி ஏதாவது என் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்து நின்றால், டிரைவர் காதில் விழும்படியாக, "ஏ பவுனு, சீ, எச்சிலை நக்கி, அங்கிட்டுப் போ" என்று கத்துவேன். சேதி போய்ச் சேரட்டும் என்றுதான் கத்தினேன், சேரவும் சேர்ந்தது. ஆனால் ஒரு பெயரை நாள் தவறாமல் காலையும் மாலையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அதிலிருக்கிற முள்ளெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. எப்போது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. பவுனு, வாடா, சாப்பிடு. பவுனு, வெயில்ல கிடக்காத. பவுனு, என்னடா இன்னைக்கு ஒரு மாதிரி இருக்க. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அந்த வீட்டில் கூப்பிட்டால் ஓடி வருகிற பெயர் அது ஒன்றுதான்.

என் பஞ்சர் கடை வீட்டின் முன்பக்கமே இருக்கிறது. காற்றுப் பிடிக்கிற மிஷின், டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அந்தப் பால்காய்ப்புக்குப் பிறகு நான் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் வெளியூர் போனதில்லை. போனால்தானே ஒருவன் சாப்பிடக் கூப்பிட மறப்பான். ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன், தொட்டியை ஒட்டி ஈரத்தில் பவுனு படுத்திருக்கும், தெருவில் போகிறவர்கள் போவார்கள், வருகிறவர்கள் வருவார்கள், வருகிற ஒவ்வொருவருக்கும் அது எழுந்து போய் வாலை ஆட்டிவிட்டு வந்து மறுபடியும் என் காலடியில் படுத்துக்கொள்ளும்.

அது வயதாகித்தான் செத்தது, யாரையும் குறை சொல்வதற்கில்லை, அதுவே எனக்குப் பெரிய குறையாக இருந்தது. ஒரு லாரி டயரை நான் பாதி கழற்றியிருந்த மத்தியானத்தில், தொட்டி ஓரத்தில் படுத்தபடியே ஒரு பெருமூச்சு விட்டது, அடுத்ததை விடவில்லை. கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். டிரைவர் மிச்சத்தை அவரே கழற்றிக்கொண்டார்.

பொங்கலுக்கு எடுத்த என் வேட்டியில் சுற்றி, புறவாசலில் நானே குழி வெட்டினேன். பக்கத்து வீட்டுக் கோமு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கிற முடுக்குச் சந்து வழியாக வந்து நின்றாள், தெருவில் இன்னும் சிலபேர் வந்தார்கள். பேச்சி அதன் தட்டிலேயே கொஞ்சம் சோறு பிசைந்து குழிக்குள் வைத்தாள். மண்வெட்டியால் தள்ள மனம் வராமல் நான் கையாலேயே மண்ணைத் தள்ளினேன், முகம் மறையப் போகிற நேரத்தில், "போயிட்டு வாடா பவுனு" என்று சொன்னேன்.

கோமு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவனும் போறேன் என்று சொல்ல மாட்டான், போயிட்டு வாரேன் என்பான், வீட்டில் இருக்கிறவர்கள் போயிட்டு வா என்பார்கள். சாவு வீட்டில் மட்டும் அது கிடையாது. செத்தவனிடம் சொல்லக் கூடாது, செத்த வீட்டிலிருந்து கிளம்புகிறவனும் சொல்லக் கூடாது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லிப்புட்டிய" என்றாள் கோமு. "அது சொன்ன சொல் கேக்குற நாயில்லா."

"கேக்கட்டும்" என்றேன்.

அது கேட்டது.

மறுநாள், பால் ஊற்றுகிற காலையில் நாங்கள் சொம்போடு புறவாசலுக்குப் போனபோது, மேடாகக் கூட்டிவைத்த மண்ணின் நடுவிலிருந்து பவுனின் வால் முளைத்து நின்றது. அதே இடப்பக்கத்து வளைவு, அதே வெள்ளை நுனி, ஒரு மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் சுட்டு முடி போன இடம்கூட அப்படியே இருந்தது. பேச்சி சொம்பைச் சாய்த்து வேரடியில் பாலை ஊற்றினாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள், தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் முடுக்கில் திரும்பியதுமே வால் ஆடத் தொடங்கியது.

"வந்துட்டேன், வந்துட்டேன், இரு" என்றாள் அவள், என்றைக்கும் சொல்வது போல. குடத்தை இறக்கி வைத்தாள். துவைகல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து உலை வைத்தாள், நேரமாகியிருந்தது.

தெருவுக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவர், இப்படித்தான் வெட்டின வாழை மறுபடி துளிர்க்கிறது என்றார். இன்னொருவர், முருங்கை நிழலில் மண் நல்ல மண் என்றார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி நிறைய ஊத்தாதீங்க, அழுகிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்தவர்களும் உண்டு. அதை நான் அவிழ்த்துத் தூர எறிந்தேன். "இது சாமி இல்ல, என் நாயி" என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பயந்து யாரும் எதுவும் கட்டவில்லை.

வாலின் குணம் போகப் போகப் பிடிபட்டது. அது சும்மா இருக்கிறவர்களுக்கு ஆடாது, போய்விட்டு வருகிறவர்களுக்குத்தான் ஆடும். உயிரோடு இருந்தபோது தெருமுனை திரும்பினால்தான் தெரிந்துகொண்டது, இப்போது ஆள் பஸ் ஸ்டாண்டில் காலை வைத்ததுமே அதற்கு மண்ணுக்குள் தெரிந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் ஆட்டமும் மாறும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் படபடவென்று ஆடும், பேச்சிக்கு வட்டமாகச் சுழலும், கோமுவின் புருஷனுக்கு விளக்குமாறு கூட்டுவது போல நீளமாக ஆடும். அந்த மனிதன் மகாராஷ்டிராவரைக்கும் லாரி ஓட்டுகிறவன், எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது, ஆறிப்போன சோற்றைத் தின்றே வயிறு கெட்டவன். இப்போது கோமு எங்கள் முடுக்கில் ஒரு பார்வை வைத்துக்கொண்டாள், வால் நீளமாக ஆடினால் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைப்பாள், அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சோறு வடித்துக்கொண்டிருப்பாள். நல்லதும் நடந்தது, வம்பும் நடந்தது. டீக்கடை ஆதிமூலம் கடைக்குச் சாமான் வாங்க வெளியூர் போனவர், அவருக்கான ஆட்டம் மத்தியானமே ஆடி முடிந்துவிட்டது, ஆள் வீட்டுக்கு வந்தது விளக்கு வைத்த பிறகு. "பஸ் ஸ்டாண்டுல இருந்து வீட்டுக்கு அவ்வளவு தூரமா?" என்று அவர் பெண்டாட்டி கேட்டாள். ஆதிமூலம் என் கடைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பார்க்காவிட்டால் போகட்டும், அவர் டீயும் ஒன்றும் அப்படிப் பிரமாதமில்லை.

ஊருக்குள் நாயைப் புதைக்கக் கூடாது என்று விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கறாரான முகம், கையில் பை. அவர் முடுக்கில் நுழையும் முன்பே வால் எம்பி எம்பி ஆடியது. பேச்சி அவரைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க தண்ணித்தொட்டிக்குப் பக்கத்து வீட்டுல குடியிருந்த டெய்லர் மகனா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். சின்ன வயதில் வீட்டைக் காலி பண்ணிப் போனதோடு இப்போதுதான் இந்தத் தெருவுக்குள் வருகிறாராம். வாலையே பார்த்துக்கொண்டு நின்றார், காப்பி குடித்தார், எதற்கு வந்தோம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தங்கப்பழம் என்று ஒருத்தி உண்டு. அவள் புருஷன் இளவயதில் பம்பாய்க்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், ஒரு சேதியும் இல்லை. அவள் பீடி சுற்றுகிற தட்டை எடுத்துக்கொண்டு தினமும் மத்தியானம் வந்து துவைகல்லில் உட்கார்ந்துகொள்வாள். கை பாட்டுக்கு இலையைச் சுருட்டும், கண் வாலிலேயே இருக்கும். ஆடும்போதெல்லாம் கை நின்றுவிடும். அது யாருக்கான ஆட்டம் என்று அடையாளம் தெரிந்ததும் மறுபடி சுருட்டத் தொடங்குவாள். சாயங்காலம் போகும்போது பேச்சியிடம், "நாளைக்கு வாரேன் மைனி" என்பாள், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஆடிய அந்த வால் எனக்கு ஆடவில்லை.

இதை நான் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. கடையை அடைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். பவுனு என்று கூப்பிடுவேன். சும்மா நிற்கும். வெள்ளை நுனியைத் தொட்டால் சூடு இருக்கும், மயிர் சிலிர்க்கும், ஆட்டம் இருக்காது. உண்ணி பிடுங்கினது நான், அடிபட்டுக் கிடந்தபோது தோளில் போட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினது நான், மழைக்குச் சாக்கு விரித்தது நான், என் இலையில் பாதி தின்று வளர்ந்த நாய், காப்பி குடித்துவிட்டுப் போன அதிகாரிக்கு எம்பி எம்பி ஆடுகிறது, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஆதிமூலத்துக்கு ஆடுகிறது, எனக்கு ஆடவில்லை. கூப்பிட்ட பெயர் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெயர்க்காரர்கள் வாசலில் நிற்கிற எல்லாரையும் கவனிப்பார்கள், தூணை ஒட்டி நிற்கிற ஒருவனை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

ஆடி மாதத்துக் காற்றோடு வால் மெலியத் தொடங்கியது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து துவைகல்லில் ஒட்டியது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அது எழுந்தாக வேண்டும், ஊரில் பஸ் நிற்பதே இல்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் முடுக்கில் எட்டிப் பார்த்து, "போயிட்டு வாரேன் பவுனு" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார்கள், சொல்லிவிட்டுப் போனவர்கள் வந்தால் ஆடாமல் இருக்க அதற்குத் தெரியாது.

"அதை விட்டிருங்க" என்றாள் பேச்சி. "செத்தும் ஓய்வில்ல அதுக்கு. வான்னு சொன்னது நீங்க, போன்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு ஒருதரம் ஆட்டட்டும். அப்புறம் சொல்லுதேன்."

"நீங்க எங்க போனீக, ஆட்டுறதுக்கு? அந்த நாய் இந்த வீட்டுக்கு வந்த பிறகு நீங்க வெளியூர் போய்த் திரும்பி வந்ததை அது ஒருநாளாவது பார்த்திருக்கா? ஸ்டூல்ல இருக்குற ஆளுக்கு எப்படி ஆட்டும்?"

அதில் நியாயம் இருந்தது. மறுநாளே டீக்கடைவரை போய்த் திரும்பினேன், தெருக்குழாய்க்குப் போய்வருகிற பேச்சிக்கு ஆடுகிற வால் எனக்கு அசையவில்லை. சரியென்று திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினேன். கடலில் முழுகி, வரிசையில் நின்று, இலை விபூதி வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக முடுக்கில் நுழைந்தேன். பேச்சியும் கோமுவும் தங்கப்பழமும் துவைகல்லைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வால் அசையவில்லை.

"திருச்செந்தூர் போயிட்டு வந்திருக்கேன்" என்று அதனிடமே சொன்னேன். ஒரு நாயிடம் கெஞ்சுகிறோமே என்ற வெட்கம்கூட எனக்கு வரவில்லை.

கோமுதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, ஒருவேளை பழனிக்குப் போனா ஆட்டுமோ என்னவோ" என்றாள்.

பேச்சி சிரிக்கவில்லை. இலை விபூதியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது" என்றாள். "நீங்க சுரண்டையில இருந்து இன்னும் திரும்பி வரல."

"என்ன பேச்சு பேசுத?"

"அன்னைக்கு அங்க யார்கிட்டயாவது போயிட்டு வாரேன்னு சொன்னீகளா? சொல்லிக்காம எந்திரிச்சு வந்தீக. சொல்லிக்காம வந்தா கிளம்புனதா ஆகுமா? இங்க ஸ்டூல்ல சட்டை மட்டும்தான் உட்கார்ந்திருக்கு. நீங்க இன்னும் அந்தத் தூணை ஒட்டித்தான் நிக்கீக. இது உங்களுக்காகத்தான் காத்துக் கிடக்கு."

நான் கோபப்பட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் கைநனைக்க மனமில்லை. முதல் பந்தியில் சாப்பிட்டவளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் வைதேன். ஆனால் புறவாசலுக்குப் போனபோது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், வால் எழ முயன்று, பாதியில் விழுந்து, மண்ணில் கிடந்தபடியே நுனியை மட்டும் தட்டித் தட்டி ஆட்டியது. வயதான காலத்தில் என் காலடியில் கிடந்து, எழ முடியாமல், அது அப்படித்தான் ஆட்டும். நான் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பால்காய்ப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தொளதொளவென்று இருந்தது.

சுரண்டையில் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பலகாலம் ஆகியிருந்தது. தூண் அதே தூண். பவுன்ராஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், தலை முழுக்க நரைத்து, சர்க்கரை வியாதியில் ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தான். எழவில்லை, கைத்தாங்கல் இல்லாமல் எழ முடியாது என்று பிறகுதான் தெரிந்தது.

"என்ன, வழி தெரிஞ்சுதா?" என்றான்.

"பஸ்ஸுக்குத் தெரியுது" என்றேன்.

அவன் மனைவி சந்தனமாரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, முந்தானையை இழுத்துவிட்டு, "வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். நான் தூணை ஒட்டியே நின்றேன்.

"என் பேரை நாய்க்கு வச்சிருக்கியாம்" என்றான் தம்பி.

"வச்சேன்."

"எச்சிலை நக்கின்னு வைதியாம். லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் வந்து சொன்னான்."

"முதல்ல வைதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வையல." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "அது செத்துப் போச்சுடா."

அவன் குனிந்து கால்கட்டின் நுனியைச் செருகினான். பிறகு மெதுவாக, "நல்லாப் பாத்துக்கிட்டியா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

"எப்படிக் கூப்பிடுவ?"

"பவுனு, வாடா, சாப்பிடுன்னு கூப்பிடுவேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கழுத்து எங்கள் அய்யாவின் கழுத்து மாதிரியே ஆகியிருந்தது. உள்ளே சந்தனமாரி பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு இந்த வாசல்ல நின்ன ஒவ்வொருத்தனையும் கையைப் பிடிச்சு இழுத்த" என்றேன், சொல்ல வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்ததை. "கொத்தனார் மச்சானைக்கூட."

"அவங்க எல்லாம் விருந்தாளி."

"நான்?"

"நீ வீட்டுக்காரன்லா. அய்யா இருந்தா வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்டிருப்பாக, அவுக இல்லாத இடத்துல நீ நிக்கேன்னு நினைச்சேன். வீட்டுக்காரனை எவன் சாப்பிட வாங்கன்னு கூப்பிடுவான்? எல்லாம் முடிஞ்சு நாம ரெண்டு பேரும் கடைசியா உட்காருவோம்னு இலையை எடுத்து வச்சுட்டுத் தேடுதேன், ஆளைக் காணோம். நானும்தான் அன்னைக்குச் சாப்பிடல."

"சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டிருக்கலாம்."

அவன் சொன்னது சரியென்று நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும், வாய் என்ன வாடகைக்கா எடுத்தது. ஆனால் சந்தனமாரி இரண்டு இலையை எதிரெதிரே போடாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள், என்னை யாரும் சாப்பிட வாங்க என்று கூப்பிடவில்லை, நானாகவே போய் உட்கார்ந்தேன். பருப்புத் துவையலும் ரசமும் கூழ்வடகமும். அவன் இலையில் வைத்த வடகத்தில் பாதியை, சின்ன வயதில் செய்வது போல, கேட்காமலே என் இலைக்குத் தள்ளினான்.

கிளம்பும்போது வாசல் தூணைத் தாண்டி இறங்கிவிட்டு நின்றேன். அந்த வார்த்தை தொண்டையில் துருப்பிடித்த போல்ட் மாதிரி சிக்கிக்கொண்டது, எண்ணெய் விட்டு விட்டுத் திருப்புவது போல எச்சிலை விழுங்கி விழுங்கித்தான் அதை வெளியே எடுத்தேன்.

"போயிட்டு வாரேன், பவுனு."

"போயிட்டு வா" என்றான். பிறகு, "கால் கொஞ்சம் ஆறட்டும், நானும் ஒரு எட்டு வாரேன்" என்றான்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. இறங்கியதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தண்ணித்தொட்டித் தெருவின் முனை திரும்பியபோதுதான் தெரிந்தது, தெருவே வாசலுக்கு வந்து நின்றது. விலகி எனக்கு வழி விட்டார்கள். ஆதிமூலம்கூடக் கடையைவிட்டு இறங்கி நின்றார். நான் ஓடினேன், இந்த வயதில், தொளதொளச் சட்டை காற்றில் அடித்துக்கொள்ள, முடுக்கில் திரும்பினேன்.

அது ஆடிக்கொண்டிருந்தது. மெலிந்து, முடி உதிர்ந்து, நரம்பு தெரிய, ஆனாலும் நின்று நிமிர்ந்து, இந்தப் பக்கத்து மண்ணிலும் அந்தப் பக்கத்து மண்ணிலும் பட்டுத் தூசி பறக்க ஆடிக்கொண்டிருந்தது, வேரடியில் மண் விண்டு குழியாகியிருந்தது, முருங்கைப்பூ உதிர்ந்து அதன் மேல் விழ விழ அதையும் வீசி எறிந்துகொண்டு ஆடியது, ஒரு ஆட்டத்தில் எல்லா வருஷத்து ஆட்டத்தையும் ஆடித் தீர்த்துவிடுகிறது போல ஆடியது.

"வந்துட்டேன்டா" என்றேன். "வந்துட்டேன், இரு."

பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன், புறங்கையில் பட்டுப் பட்டு ஆடியது, வலித்தது, கையை எடுக்கவில்லை. அது களைக்கிறவரை ஆடவிட்டேன். ஆட்டம் மெதுவாகி, நுனி மட்டும் தட்டிக்கொண்டிருந்தபோது பேச்சி என் தோளில் கை வைத்தாள்.

நான் தங்கப்பழத்தைப் பார்த்தேன். அவள் பீடித்தட்டோடு துவைகல்லில் இருந்தாள். இனி மத்தியானங்களில் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் அவள். தட்டில் கிடந்த இலைத்துணுக்குகளைத் தரையில் தட்டிவிட்டு எழுந்தாள். "அதுவாவது போகட்டும்."

எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர்களிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோமு தன் புருஷனின் காதைக்கூடப் பொத்தினாள்.

"போடா பவுனு" என்றேன். வா என்பதைச் சேர்க்காமல் நிறுத்த, பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

வால் ஒருதரம் என் கையைத் தட்டியது. பிறகு, ஈரமண்ணில் ஊன்றிய குச்சி தன் கனத்தில் இறங்குவது போல, மெதுவாக மண்ணுக்குள் இறங்கியது, கடைசியாக வெள்ளை நுனி ஒரு முருங்கைப்பூ அளவுக்குத் தெரிந்தது, பிறகு முருங்கைப்பூ மட்டும்தான் கிடந்தது. நான் கையால் மண்ணை மூடினேன். வந்தவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல், முறைப்படி, ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

இப்போது கோமு மறுபடியும் ஆறிப்போன சோற்றைத்தான் புருஷனுக்குப் போடுகிறாள். ஆதிமூலம் பேசுகிறார், டீ அப்படியேதான் இருக்கிறது. தங்கப்பழம் மத்தியானங்களில் வருவதில்லை, தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே பீடி சுற்றுகிறாள்.

பவுன்ராஜ் இன்னும் வரவில்லை. கால் ஆறியிருக்கும், ஆறவில்லை என்றால் ஒரு சேதியாவது சொல்லியிருக்கலாம், இதையும் நான் மறக்கப் போவதில்லை. ஆனால் சுரண்டை பஸ் வருகிற சத்தம் எங்கள் தெருவுக்கு நன்றாகக் கேட்கும். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்துவிடுகிறேன், வாசலுக்குப் போய் நின்று தெருமுனையைப் பார்க்கிறேன். யாராவது வெள்ளைத் தலையாகத் திரும்பினால், என்ன செய்வதென்று தெரியாமல், தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறிக்கொண்டே நிற்கிறேன்.